ஒரு கொட்டிலா, இரண்டு கொட்டிலா

கல்லோடைச் சபையில், நோவாவின் பேழையைப் போலக் கட்டிப் பொம்மை மிருகங்களை நிறுத்தியிருக்கும் பேழை அறையில், நாய்க்கும் ஓநாய்க்கும் நரிக்கும் சேர்த்து ஒரே கொட்டில். சிங்கத்துக்கும் வீட்டுப் பூனைக்கும் ஒரே கொட்டில். குதிரை, கழுதை, வரிக்குதிரை மூன்றுக்கும் ஒன்று. செம்மறியாட்டுக்கும் வெள்ளாட்டுக்கும் மட்டும் நடுவில் ஒரு பலகை அடித்து இரண்டாக்கியிருப்பார்கள். அந்தப் பலகையை அடித்தவர் என் வீட்டுக்காரரின் அண்ணன் ஆர்லிஸ். அதனால் அவர் பட்ட பாட்டை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

என் பேர் ரூபி. பிறந்தது திருநெல்வேலிப் பக்கம். நர்ஸ் வேலைக்கென்று இந்தக் கென்டக்கி மலைக்கு வந்து, வெர்னன் என்ற சுரங்கத் தொழிலாளியைக் கட்டி, நிலக்கரித் தூசியில் அவர் நுரையீரல் போனபின் இந்த மலையிலேயே அவரைப் புதைத்துவிட்டு, இங்கேயே தங்கிவிட்டவள். பேரைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை, இங்கே ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் இரண்டு ரூபி இருப்பார்கள். இத்தனை வருஷத்தில் இவர்கள் பேச்சு என் காதில் எங்கள் ஊர்ப் பேச்சாகவே விழப் பழகிவிட்டது. அப்படியேதான் சொல்லவும் வரும்.

ஆர்லிஸ் அத்தான் பள்ளிக்கூடத்தில் விவசாயப் பாடம் நடத்தியவர். சபையில் மூப்பர். கோடை வந்தால் பஸ் பஸ்ஸாகப் பிள்ளைகள் பேழை அறையைப் பார்க்க வருவார்கள், அவர்தான் விளக்கிச் சொல்வார். ஆண்டவர் மிருகங்களை அதனதன் இனப்படி உண்டாக்கினார், பேழைக்குள் போனதும் இனத்துக்கு இத்தனை என்ற கணக்கில்தான் என்பார். சரி, இனம் என்றால் எது? வேதம் அதைச் சொல்லவில்லை. நாயும் நரியும் ஒன்றா வேறா என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதற்கு அவரிடம் ஒரே ஒரு விதி இருந்தது.

"ரெண்டும் சேந்து கரு நின்னா ஒரே இனம். அது உயிரோட பிறக்கணும்னுகூட இல்ல, மக்களே. செத்துப் பிறந்தாலும் கணக்குல சேரும்."

குதிரைக்கும் கழுதைக்கும் பிறக்கிற கோவேறு கழுதை இந்த மலையில் எல்லோருக்கும் தெரியும் என்பதால் பிள்ளைகள் தலையாட்டிக்கொள்வார்கள். ஆனால் வெள்ளாடும் செம்மறியும் என்று வந்தால் அத்தான் பேச்சை மாற்றிவிடுவார். இரண்டும் கூடிக் குட்டி பிறந்ததாக எங்கோ படித்திருந்தார், கண்ணால் பார்த்ததில்லை. சபையின் போதகர் கோம்ஸ் கூடாது என்று ஒரே பிடியாக நின்றார். கடைசி நாளில் மேய்ப்பர் செம்மறிகளை வலது பக்கமும் வெள்ளாடுகளை இடது பக்கமும் பிரிப்பார் என்று வேதத்திலேயே இருக்கும்போது, இரண்டும் ஒரே இனம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் நான் எதைப் பிரசங்கிக்க என்று கேட்டார். நான் கண்ணால் பார்க்கும்வரை பலகை இருக்கட்டும் என்று அத்தானும் விட்டுவிட்டார்.

எனக்குச் சிரிப்பாக வரும். எங்கள் ஊர் வேதத்தில் இந்த 'இனம்' வருகிற இடத்தில் 'ஜாதி' என்று போட்டிருக்கும். ஆண்டவர் புல்லை அதன் ஜாதிப்படி முளைக்கச் செய்தார் என்று படித்து வளர்ந்தவள் நான். கல்லறைத் தோட்டத்துக்கு நடுவிலேயே ஜாதிக்காகச் சுவர் வைத்த ஊர் எங்கள் பக்கத்தில் உண்டு. ஆகவே பலகை அடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மரியாதை கொஞ்சம் குறைச்சல்தான்.

அத்தானுக்கு ஒரே மகள், மார்லா. அவள் அம்மா எஃபி நூல் ஆலைக்கு வேலைக்குப் போகும்போது குழந்தையை என்னிடம் விட்டுப் போவாள். ஒருநாள் மார்லா வேலி ஓரத்தில் நின்று, உங்க ஊர்ல இதுக்கு என்ன பேரு சித்தி என்று செம்மறியைக் காட்டினாள். ஆடு என்றேன். பக்கத்து வீட்டு வெள்ளாட்டைக் காட்டினாள். அதுவும் ஆடுதான் என்றேன். அவளுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். இந்த ஊர் நாக்குக்கு 'டு' வராதே, 'ஆரு, ஆரு' என்று கத்திக்கொண்டு அப்பாவிடம் ஓடினாள்.

"ரெண்டு ஜீவனுக்கு ஒரே பேரா? உங்க ஆளுக சரியான சோம்பேறிக, ரூபி" என்றார் அத்தான்.

ஆரு என்றால் எங்கள் ஊரில் யாரு என்று அர்த்தம் என்று அவளுக்குச் சொல்லிவைத்தேன். அதிலிருந்து அது எங்கள் விளையாட்டாகிவிட்டது. அவள் கதவைத் தட்டுவாள், உள்ளேயிருந்து நான் "ஆரு?" என்பேன், "நாந்தான்" என்று தமிழில் பதில் வரும். அத்தானும் பிற்பாடு அதைக் கற்றுக்கொண்டார். கொட்டகைக்குள் பால் கறந்துகொண்டே "ஆரு?" என்பார். அவளுக்குக் கல்யாண வயது வந்த பிறகும் அந்த வீட்டில் அது ஓடிக்கொண்டிருந்தது.

மார்லா படிக்கப் போனாள். மேற்கே மலைகளில் காட்டாடுகளையும் காட்டுச் செம்மறிகளையும் இரத்தம் எடுத்துப் பார்த்து வகைப்படுத்துகிற வேலை கிடைத்தது. எஃபி இறந்தபோது வந்திருந்தாள். அடக்கம் முடிந்து சபைக் கூடத்தில் பீன்ஸும் சோள ரொட்டியும் பரிமாறிக்கொண்டிருந்தோம். போதகர் பேச்சுக்குத்தான் கேட்டார், நீயே சொல்லம்மா, ஆட்டைப் படிச்சவள், ரெண்டும் வேற வேற இல்லையா என்று. தாயைப் புதைத்த அன்றைக்கு அந்தப் பிள்ளை வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அவள் அப்பாவுக்குப் பிறந்தவள், மூடவில்லை. வேறதான், ஆனால் பின்னால் போய்ப் பார்த்தால் ரெண்டும் ஒரே வயிறு, இன்னும் பின்னால் போனால் மாடும் சேரும், மனுஷனும் சேருவான், அதற்கு உலகத்துக்குச் சபை சொல்கிற ஆறாயிரம் வருஷ வயது போதாது என்று அமைதியாகச் சொல்லிவிட்டாள்.

அடுத்த மாதச் சபைக் கூட்டத்தில் அவள் பேரைச் சபைப் பதிவேட்டிலிருந்து நீக்கினார்கள். கல்லோடையில் எதுவானாலும் எல்லாக் கையும் உயர வேண்டும், ஒரு கை இறங்கி இருந்தாலும் நடக்காது. அன்றைக்கு நான் ஆஸ்பத்திரி வேலையில் இருந்தேன். அத்தான் முன்வரிசையில் இருந்தார், அவர் கை உயர்ந்தது. பேர் நீக்கப்பட்டவர்களுக்கு எஃபியைப் புதைத்த மலைக் கல்லறையில் இடமில்லை என்பதும் அந்தக் கையோடு சேர்ந்ததுதான். மார்லா அதன்பிறகு வரவில்லை. என்னிடம் மட்டும் போனில் பேசுவாள், அப்பா சாப்பிட்டாரா என்று கேட்பாள். அத்தான் என் பக்கத்திலேயே உட்கார்ந்து, போனை வாங்காமல், அவள் என்ன கேட்டாள் என்று என்னைக் கேட்பார். இப்படியே வருஷங்கள் போயின.

போன மார்ச்சில் அவள் திரும்பி வந்தபோது நான் நர்ஸ் என்பதால் யாரும் எனக்கு எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கண்ணின் மஞ்சளையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு காரிலிருந்து இறங்கிய விதத்தையும் பார்த்தாலே போதும். கணையத்தில் புற்றுநோய் வந்திருந்தது, ஈரலுக்கும் போய்விட்டது. அத்தான் ஒன்றும் பேசாமல் அவள் பெட்டியை வாங்கி எஃபியின் அறையில் கொண்டுவைத்தார்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. அதை என்னிடம்தான் சொன்னாள்.

"அம்மா பக்கத்துல கிடக்கணும் சித்தி. வேற ஒண்ணும் வேண்டாம்."

சபை முன்னால் வந்து நான் சொன்னது தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் பேரைத் திரும்பச் சேர்த்துவிடுவார்கள், சொல்லித் தொலையேன் ஏட்டி என்றேன். அவள் சிரித்தாள். சாகப் போகிற நேரத்தில் பொய் சொல்லச் சொல்லுதீங்களே, நீங்களெல்லாம் கிறிஸ்தவங்களா என்றாள்.

அப்பாவும் மகளும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு வானிலையைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டார்கள். அதை உடைத்தது ஒரு செம்மறி.

பக்கத்து வீட்டு வெள்ளாட்டுக் கிடா முந்தின இலையுதிர் காலத்தில் வேலி தாண்டி வந்து அத்தானின் மந்தையோடு கொஞ்ச நாள் மேய்ந்தது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு மத்தியானம் செம்மறி ஒன்று ஈன முடியாமல் தவித்தது. அத்தானின் விரல்கள் மூட்டுவாதத்தில் மடங்கிப்போனவை, என் கை பெரியது. மார்லா சட்டைக் கையை மடக்கிக்கொண்டு வந்து வைக்கோலில் மண்டியிட்டாள். நான் தடுத்தும் கேட்கவில்லை. அத்தான் செம்மறியின் தலையை மடியில் வைத்துக்கொள்ள, அவள் கையை விட்டுக் குட்டியை இழுத்தாள். உயிரில்லாமல்தான் வந்தது.

மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முன்பக்கம் கம்பளி சுருண்டிருந்தது. பின்பக்கம் வெள்ளாட்டு முடி, நீளமாக, வழவழப்பாக. அத்தான் கட்டைவிரலால் வாலைத் தொட்டார். செம்மறி வால் தொங்கும், வெள்ளாட்டு வால் நிமிரும், அது குழந்தைக்கும் தெரியும். இது நிமிர்ந்திருந்தது.

"உங்க விதிப்படி இது கணக்குல சேருமாப்பா?" என்று மார்லா கேட்டாள்.

அவர் வாலிலிருந்து விரலை எடுத்தார்.

"சேரும். செத்துப் பிறந்தாலும் சேரும்."

"அப்பம் ரெண்டும்?"

"ஒரே இனம்தான்."

அவள் ஜெயித்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆராய்ச்சிக்காரர்களான எங்கள் பக்கமும் அப்படியொன்றும் சுத்தமில்லை என்று சொல்ல ஆரம்பித்தாள். ஒரு வகை எங்கே முடிந்து இன்னொரு வகை எங்கே தொடங்குகிறது என்பதற்கு ஆளுக்கொரு வரையறை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறார்களாம். கூடிக் குட்டி போட்டால் ஒன்று என்பாராம் ஒருவர், அப்படியானால் ஓநாயும் நாயும் ஒன்றா என்பாராம் இன்னொருவர். இணையே சேராமல் பெருகுகிற கிருமிகளுக்கு என்ன செய்ய என்று மூன்றாமவர் எழுந்து நிற்பாராம். அவளே ஒரு காட்டுச் செம்மறிக் கூட்டத்தை ஒரு வருஷம் தனி வகை என்று எழுதி, அடுத்த வருஷம் இல்லை என்று திருத்தினாளாம்.

"அப்பம் உங்களுக்கும் தெரியாதா?" என்றார் அத்தான்.

"தெரியாதுப்பா."

அவர் சிரித்தார். எஃபி போனபிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. மார்லாவும் சிரித்தாள், சிரிக்கச் சிரிக்க வலி வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள், பிடித்துக்கொண்டும் சிரித்தாள். அவர் தன் சட்டையாலேயே அவள் கையில் இருந்த இரத்தத்தைத் துடைத்துவிட்டார். உனக்குக் குளிருதா மக்களே என்று கேட்டார். என் கண் நிறைந்துவிட்டது, நான் வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

மறுநாள் காலையில் சுத்தியலை எடுத்துக்கொண்டு நேராகப் பேழை அறைக்குப் போனார். கண்ணால் பார்க்கும்வரை என்று சொல்லியிருந்தாரே, பார்த்துவிட்டார். பலகையில் ஓர் ஆணியைப் பிடுங்கும்போது போதகர் வந்துவிட்டார். சாயங்காலம் போதகர் என் வீட்டுக்கே வந்தார், அத்தானும் இருந்தார். நான் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

கோம்ஸைப் பொல்லாதவர் என்று சொல்ல மாட்டேன். வெர்னன் மூச்சுக்குத் திணறிய கடைசி வாரம் முழுக்க எங்கள் வீட்டில் நாற்காலியில் தூங்கினவர் அவர். ஆனால் அவருக்குப் பயம். ஒரு பலகை போனால் சனங்கள் அடுத்த பலகையைக் கேட்பார்கள், அப்புறம் எங்கே போய் நிற்கும் என்றார். கடைசி நாளை என்ன செய்ய என்று மறுபடியும் கேட்டார்.

அத்தான் காப்பியைக் கீழே வைத்தார். "அதையும் ராத்திரி பூரா யோசிச்சேன். மேய்ப்பர் பிரிக்கிறது சாயங்காலம், போதகரே. பகல் முழுக்க ரெண்டும் ஒண்ணாத்தான மேஞ்சிச்சு? பிரிக்கிறது அவர் வேலை. நான் ஏன் காலையிலேயே பலகை அடிக்கணும்?"

போதகர் தலையாட்டினார். நல்லாத்தான் சொல்லுதீங்க, ஆனால் சபை தாங்காது என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"மார்லா கேட்டது என் காதுக்கும் வந்துச்சு. எஃபியை நினைச்சு இடம் கொடுக்கச் சொல்லி நானே சபையில கேக்கேன். ஒரு கைகூட இறங்காம நான் பாத்துக்கிடுதேன். நீங்க ஒண்ணு மட்டும் செய்யணும். அந்தக் குட்டி செம்மறிதான், ஊனமாப் பிறந்துட்டுன்னு சபை முன்னால சொல்லணும். அதுக்கப்புறம் நீங்க சாகிறவரைக்கும் ரெண்டும் ஒண்ணுன்னு உங்க வாயில வரக்கூடாது."

அவர் போனதும் நான் கத்தினேன். இது என்ன சபையா சந்தையா என்றேன். அத்தான் என்னைக் கத்தவிட்டுவிட்டுக் கடைசியில் ஒன்றுதான் சொன்னார்.

"அவளுக்குத் தெரியக்கூடாது, ரூபி. என்ன விலைன்னு தெரிஞ்சா அவ அங்க கிடக்கமாட்டா."

அது உண்மை. அவளை எனக்குத் தெரியும்.

சனிக்கிழமைக் கூட்டத்தில் அத்தான் எழுந்து நின்றார். சந்தையில்கூடத் தன் ஆட்டுக்கு இருக்கிற குறையைத் தானே முதலில் சொல்லிவிடுகிற மனுஷர். குட்டி செம்மறிதான், ஊனமாகப் பிறந்தது, பலகை இருக்கட்டும் என்று சொன்னார். குரல் மூன்றாம் வரிசைக்குக்கூடக் கேட்கவில்லை, இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்கள். சொன்னார். பிறகு மார்லாவுக்காகக் கை உயர்த்தச் சொன்னார் போதகர். எல்லாக் கையும் உயர்ந்தது, என் கையும்.

சபை இடம் கொடுத்துவிட்டது என்று நான் போய்ச் சொன்னபோது மார்லா அழுதுவிட்டாள். அப்படியே விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டு நாள் கழித்துக் கோழி வேகவைத்து எடுத்துக்கொண்டு பார்க்க வந்த சபைக்காரி ஒருத்தி, உங்கப்பா குட்டியைப் பத்தித் தெளிவாச் சொல்லிட்டாரும்மா, எல்லாருக்கும் நிம்மதி என்று உளறிவிட்டுப் போனாள். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள், இவள் வாயால் கெட்டது இன்னொரு குடும்பம்.

அத்தான் ஆப்பிளைச் சீவி எடுத்துக்கொண்டு அறைக்குள் வந்தார். நான் அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன்.

"அது என்னதுப்பா?" என்றாள் மார்லா. "நாம ரெண்டு பேரும் சேந்து எடுத்தோம்லா, அது."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"செம்மறிதான்" என்றார். "ஊனமாப் பிறந்துட்டு."

"வாலைத் தொட்டுப் பாத்தது நீங்க."

"செம்மறிதான் மக்களே."

அவள் சரிப்பா என்றாள். அவ்வளவுதான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அத்தான் தட்டோடு வெளியே போனார். அவர் காலடி கொட்டகைவரை போவது கேட்டது.

"சபைக்கு இருக்கிற இரக்கம்கூட அப்பாவுக்கு இல்ல, பாத்தீங்களா சித்தி" என்றாள் சுவரைப் பார்த்தபடியே.

சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. அவருக்குக் கொடுத்த வாக்கு ஒருபக்கம், எஃபிக்குப் பக்கத்தில் கிடக்கிற குழி ஒருபக்கம். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் பட்ட வேதனையைவிட என் நியாயம் பெரிதாக எனக்குத் தெரியவில்லை. அதற்குப்பின் அவள் அவரிடம் தண்ணீர் கேட்டாள், மாத்திரை கேட்டாள், ஜன்னலைச் சாத்தச் சொன்னாள், மரியாதையாக நன்றி சொன்னாள். அந்த நன்றியைக் கேட்கும்போதெல்லாம் அவர் முகம் சுருங்கும். இரவும் பகலும் அவள் கட்டிலை விட்டு அவர் நகரவில்லை. காட்டு மரங்கள் வெள்ளையாகப் பூத்துக் கொட்டுகிற வாரத்தில், ஒரு காலையில், அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் போனாள். ஆனால் மயக்கத்தில் இருந்தாள், அது யார் கை என்று அவளுக்குத் தெரியாது.

எஃபியின் வலது பக்கம் அவளை வைத்தோம். போதகர் மனம் நிறைய ஜெபித்தார், அழவும் செய்தார். ஜனங்கள் எல்லாம் அத்தானின் கையைக் குலுக்கிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். அவர் கல்லறையின் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன்.

கீழே அவருடைய மேய்ச்சல் நிலம் தெரிந்தது. வேலியை அவர் சரிசெய்யவே இல்லை. பக்கத்து வீட்டு வெள்ளாடுகள் வந்து செம்மறிகளோடு கலந்து மேய்ந்துகொண்டிருந்தன. இங்கிருந்து பார்த்தால் எது எதுவென்று தெரியவில்லை.

"வாயில வரக்கூடாதுன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்" என்றார். "எங்க பேச்சுல சொன்னாத்தான அது கணக்கு. உங்க ஊர்ல ரெண்டுக்கும் சேத்து ஒரு பேரு உண்டுல்லா. அதைச் சொல்லு, ரூபி. அவகிட்ட நான் உண்மையைச் சொல்லணும்."

"ஆடு" என்றேன்.

மண்ணில் கையை வைத்துக்கொண்டு அவர் சொல்லிப் பார்த்தார். அந்த நாக்குக்கு வரவில்லை. மறுபடியும் சொன்னார், மறுபடியும் அப்படியே வந்தது.

"ஆரு" என்றார் கல்லறையைப் பார்த்து. "ஆரு?"

நான் திருத்தவில்லை. அந்த வீட்டில் அந்தக் கேள்விக்கு எப்போதும் 'நாந்தான்' என்று ஒரு பதில் வரும். அவர் தலையைச் சாய்த்துக் காத்துக்கொண்டிருந்தார்.